வினிகரில் மெத்தில் ஆரஞ்சு போட்டால் அளவு ஏன் இவ்வளவு குறைகிறது?

கேள்வி

கடையில் வாங்கிய வெள்ளை வினிகர். லேபிளில் அசிட்டிக் அமிலம் 4%. 10 மி.லி. எடுத்து 100 மி.லி.யாக நீர்த்து, அதில் 20 மி.லி.யை 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்கிறோம், அதாவது நிறம் மாறும்வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளக்கிறோம். நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு போட்டால் 4 மி.லி. வாக்கிலேயே மஞ்சளாகிவிடுகிறது; கணக்கு 1.2%தான். இன்னொரு நிறங்காட்டியான பினாப்தலீனில் 14.0 மி.லி., அதாவது 4.2%. ஆனால் அந்த இளஞ்சிவப்பு ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. எதை நம்புவது? காரம், 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டர் ஆக்கியது.

பதில் 1

மெத்தில் ஆரஞ்சை இதில் தொடவே வேண்டாம். அது நிறம் மாறுவது பி.எச். 3.1 முதல் 4.4 வரை. அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. (அமிலம் பாதி நடுநிலையாகும் பி.எச்.) 4.76. பி.எச். 4.4 ஆகும்போது அமிலத்தில் 30% மட்டுமே நடுநிலையாகியிருக்கும். மீதி 70% அப்படியே குடுவையில் கிடக்கும். 13.3 மி.லி. வர வேண்டிய இடத்தில் 4 மி.லி. வந்தது அதனால்தான். நிறமும் ஒரே சொட்டில் மாறியிருக்காது, சிவப்பிலிருந்து மெல்ல மெல்ல மஞ்சளுக்கு நகர்ந்திருக்கும். அப்படி இழுத்தாலே நிறங்காட்டி தவறு என்று பொருள்.

சமான நிலையில் (அமிலம் முழுக்க நடுநிலையாகும் புள்ளியில்) குடுவையில் இருப்பது சோடியம் அசிட்டேட், ஏறக்குறைய 0.04 மோலார். அசிட்டேட் வலுக்குறைந்த காரம் என்பதால் பி.எச். 7 அல்ல, சுமார் 8.7. பினாப்தலீன் 8.2க்கு மேல்தான் நிறம் காட்டத் தொடங்கும், அதனால் சரியாகப் பொருந்துகிறது.

பதில் 2

நிறங்காட்டி பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. 4.2% வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் காரம்தான். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் எடை போடும்போதே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும்; 4 கிராம் போட்டால் 0.1 மோலார் கிடைக்கும் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. 0.630 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை (இரு நீர் மூலக்கூறு உள்ளது) 100 மி.லி. ஆக்கினால் 0.05 மோலார். அதில் 10 மி.லி.க்குப் பினாப்தலீனில் 10.5 மி.லி. காரம் பிடித்தால், உங்கள் காரம் 0.095 மோலார். அதைப் போட்டுக் கணக்கிட்டால் வினிகர் 3.99%.

நிறம் மறைவது தவறல்ல, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் நடப்பது. அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவு நிலை. மறைந்ததே என்று இன்னொரு சொட்டு விடாதீர்கள். நீர்க்க, கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த காய்ச்சி வடித்த நீர் நல்லது. பிப்பெட்டை வினிகர் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை வெறும் நீரால் மட்டும்.

கேட்டவர்

நன்றி. ஆக்சாலிக் அமிலம் தீர்ந்துவிட்டது. செறிவு தெரிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதை வைத்து மெத்தில் ஆரஞ்சில் காரத்தைத் தரப்படுத்தலாமா, அதாவது அதன் சரியான செறிவைக் கண்டறியலாமா?

பதில் 3

அமிலம் சரி, நிறங்காட்டி சரியில்லை. கார்பன் டை ஆக்சைடை இழுத்ததால் காரத்தில் கார்பனேட் கலந்திருந்தால், மெத்தில் ஆரஞ்சில் அது முழுக்க வினைபுரிந்து கார்பானிக் அமிலமாகும். பினாப்தலீனில் பைகார்பனேட்டோடு நின்றுவிடும், பாதிதான் கணக்கில் வரும். ஒரே காரத்துக்கு இரண்டு செறிவு கிடைக்கும், வினிகரின் விடையும் உயர்ந்து போகும். தரப்படுத்தவும் பினாப்தலீனையே போடுங்கள்.

கார்பனேட்டையே தவிர்க்க வேண்டுமென்றால், 50 மி.லி. நீரில் 50 கிராம் வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். கடுமையாகச் சூடேறும், குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். ஆறியபின் மூடிய பிளாஸ்டிக் புட்டியில் சில நாள் அசையாமல் விட்டால், இவ்வளவு செறிவில் கரையாத கார்பனேட் அடியில் தங்கும். மேலே தெளிந்ததில் 5.3 மி.லி.யைக் கொதித்தாறிய நீரில் ஒரு லிட்டர் ஆக்குங்கள். ஏறத்தாழ 0.1 மோலார் வரும். அதையும் தரப்படுத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.