டிஸ்கிளினேஷனுக்குத் ‘திசைச்சுழி’ போதுமே

வணக்கம்.

திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசை பார்த்து நிற்கிற நீர்மப் படிகத்தில் (liquid crystal) டிஸ்கிளினேஷன் என்றொரு குறைபாடு உண்டு; அதற்குத் தமிழ்ப்பெயர் என்ன என்ற பேச்சில் என் யோசனை இது. ‘இடத்தியல் குறைபாடு’ (topological defect) என்ற சொல் பொதுப்பெயராக இருந்துவிட்டுப் போகட்டும், பிளஸ் டூ வேதியியலில் ‘படிகக் குறைபாடு’ படித்தவர்களுக்குப் பழகியதுதான். ஆனால் அங்கே குறைபாடு என்றால் ஓர் அணு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அல்லது வேண்டாத இடத்தில் ஒன்று புகுந்திருக்கிறது. நீர்மப் படிகத்தில் எதுவும் காணாமல் போகவில்லை. மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதுதான் ஒரு புள்ளியில் முடிவாகவில்லை. அக்கம்பக்கத்து மூலக்கூறுகளை லேசாகத் திருப்பிவிட்டு அதைச் சரிக்கட்டவும் முடியாது. எதிர்க்குறியுள்ள இன்னொன்று வந்து சேர்ந்து இரண்டுமாக அழிய வேண்டும், இல்லையென்றால் விளிம்புவரை நகர்ந்து வெளியேற வேண்டும்.

இயற்பியலாளர் ஃபிராங்க் 1958இல் இதற்கு டிஸ்இன்க்ளினேஷன் என்றுதான் பெயர் வைத்தார், பிறகு வாய்க்கு வசதியாக டிஸ்கிளினேஷன் ஆனது. நான் சொல்வது ‘திசைச்சுழி’. தலையில் முடி ஒரு புள்ளியைச் சுற்றிப் படிவதை நாம் சுழி என்றுதானே சொல்கிறோம்?

சுழி என்றால் பூஜ்யம் என்றும் பொருள் வருமே, குழப்பாதா என்று கேட்டிருந்தீர்கள். வரட்டுமே! கருவில், அதாவது சுழியின் நடுப்புள்ளியில், மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்துபோகிறது, வரையறுத்த திசை என்று அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அது கூடுதல் லாபமாகத்தான் படுகிறது.

அப்புறம் அரை எண் பிரச்சினை. நெமாட்டிக் என்கிற நீர்மப் படிக வகையில் தலை வால் வேறுபாடு இல்லாததால் அந்தப் புள்ளியை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் திசை 180 பாகை மட்டும் திரும்பியிருந்தாலும் கணக்கு நேராகிவிடும். அதை ‘அரைச்சுழி’ என்றால் எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள். குறுக்காக வைத்த இரண்டு போலரைசருக்கு (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி) நடுவே மெல்லிய படலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு புள்ளியிலிருந்து கறுப்புப் பட்டைகள் கிளம்பும்: இரண்டு என்றால் அரைச்சுழி, நான்கு என்றால் முழுச்சுழி. கண்ணாடியைத் தொடாமல் போலரைசர்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் நேர்ச்சுழியின் (நாம் சுற்றும் பக்கமே திசையும் திரும்புவது) பட்டைகள் கூடவே திரும்பும், எதிர்ச்சுழியின் பட்டைகள் எதிர்ப்பக்கம் ஓடும். எதிர் அரைச்சுழி பார்வைக்குச் சுழியாகவே இல்லை, மும்முனையாக இருக்கிறது என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனாலும் சுற்றி வந்து எண்ணுவது ஒரே கணக்கு, குறி மட்டும்தான் வேறு, அதனால் பெயரைப் பிரிக்க வேண்டாம் என்பேன்.

முப்பரிமாணத்தில் இது கோடாக ஓடுகிறதே, அதற்குச் ‘சுழியிழை’. பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரீடெல் 1922இல் நெமாட்டிக் என்று பெயர் வைத்ததே மைக்ராஸ்கோப்பில் தெரிந்த இந்த இழைகளைப் பார்த்துத்தான், கிரேக்கத்தில் நேமா என்றால் நூல்.

‘சுழி’க்குப் பதில் ‘சுழல்’ வேண்டாம். அதைப் பாய்ம இயக்கவியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

மூலக்கூறுகள் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் விறைத்து நிற்கிற வகையை மட்டும் இதில் அடக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு முள்ளெலி என்று பெயர். நாமும் முள்ளெலி என்றே எழுதிவிடலாமா, யாருக்காவது மறுப்பு உண்டா?