புகை விடும் சாவி பொம்மை, புகை வரவில்லை. அவசரம்!

புதுச்சாவி: பாரிசில் பழம்பொருள் சந்தையில் வாங்கினேன். சிகரெட் பிடிக்கும் கனவான் பொம்மை. கை வாய்க்குப் போகிறது, புகை இல்லை. ஞாயிறு அப்பாவின் பிறந்தநாள், உதவுங்கள்.

மணிக்கூண்டு: தலை திரும்புகிறதா? இசைப்பெட்டி உண்டா? சாவியில் ஏதாவது எழுத்து? எல்.பி. என்று இருந்தால் பழைய பாரிஸ் பொம்மைக்காரர் லியோபோல்ட் லாம்பேரின் பட்டறையாக இருக்கலாம். படம் போடுங்கள்.

சக்கரம்_72: ஸ்பிரிங் களைத்துவிட்டது. எப்போதும் ஸ்பிரிங்தான்.

மணிக்கூண்டு: ஸ்பிரிங் போயிருந்தால் கை எப்படி ஏறும்?

பழைய_பல்: மன்றத்தில் புது இழை தொடங்குமுன் பழைய இழைகளைத் தேடும் வழக்கம் இங்கே ஒழிந்துவிட்டது போலும். சரி, கடைசி முறையாகச் சொல்கிறேன். உள்ளே தோல் துருத்தி இருக்கும். கைக்குள் ஓடும் குழாய் வழியாகச் சிகரெட்டை இழுத்து, வாய் வழியே விடும். நூறாண்டுத் தோல் காய்ந்து வெடித்திருக்கும், குழாயில் தார் அடைத்திருக்கும். குழாயைக் கழற்றி, துருத்தியின் வாயை விரலால் மூடி அமுக்குங்கள். காற்று கசிந்தால் அங்கேதான் ஓட்டை. இன்னொன்று, ஸ்பிரிங் முறுக்கில் இருக்கும்போது வேகத்தை அடக்கும் காற்று விசிறியைக் கழற்றாதீர்கள். இசைப்பெட்டியின் முள் உருளை தறிகெட்டுச் சுற்றி, ஒலி எழுப்பும் உலோகச் சீப்பின் பற்களை உடைக்கும்.

புதுச்சாவி: இசை உண்டு. சொல்ல மறந்தேன், நேற்று விசிறிக்கும் சக்கரங்களுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டேன். இப்போது கை ஆமை வேகம்.

மணிக்கூண்டு: ஐயோ! 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடுமே. கடிகாரக்காரரிடம் கொடுத்துக் கழுவுங்கள்.

சக்கரம்_72: பொம்மை என்றால் கெம்பெலன் 1770இல் செய்த சதுரங்கம் ஆடும் துருக்கியன்தான். அதன் கால் தூசிக்கு வராது இதெல்லாம்.

பழைய_பல்: உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து ஆடியதற்குப் பெயர் தானியங்கியா?

சக்கரம்_72: துருக்கியனின் கை நெம்புகோலில்தானே ஓடியது.

பழைய_பல்: 1784இல் கின்ட்சிங், ரோன்ட்கன் செய்த பெண் பொம்மையைப் பாருங்கள். சுத்தியலால் தந்தியைத் தட்டி எட்டுப் பாட்டு வாசிக்கிறாள். பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் வாங்கியது. பாரிஸ் கலை, தொழில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஆள் ஒளியத் தேவையில்லை.

மணிக்கூண்டு: புதுச்சாவி, என்ன ஆயிற்று?

புதுச்சாவி: துருத்தியில் ஓட்டைதான். மெல்லிய தோல் ஒட்டினேன். ஒரு இழுப்பு வந்தது, அப்பா இருமினார். நன்றி.

பழைய_பல்: எந்தப் பசை?

மணிக்கூண்டு: எண்ணெயைக் கழுவினீர்களா?