மூன்று தாள்களை விழுங்கிய தாமிரபரணி: யாராவது கைகொடுங்கள்

வணக்கம். திருநெல்வேலி குறுக்குத்துறையில், தாமிரபரணிக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயிலை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். தடித்த 300 ஜி.எஸ்.எம். தாள். கல் மண்டபம், படித்துறை, கரையோர மரங்கள் எல்லாம் ஓரளவு கைகூடிவிட்டன. தண்ணீர்தான் மூன்றாவது தாளையும் விழுங்கிவிட்டது.

காலடியில் கூழாங்கற்கள் தெரிய வேண்டும். தள்ளிப் போகப் போக அதே நீர் வானத்தைக் காட்ட வேண்டும். பார்வை சாயச் சாய நீர் அதிகம் பிரதிபலிக்கும் என்பது புரிகிறது. ஆனால் இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியில் தடுமாறுகிறேன். ஈரத்தில் இழுத்தால் சேறாகிறது. காய்ந்தபின் பூசினால் விளிம்புக் கோடு விழுகிறது. கற்களை முதலில் தீட்டிக் காயவிட்டு மேலே நீலம் ஓட்டியபோது, கற்களின் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு வண்ணம்) கரைந்து எல்லாம் சாம்பலாகிவிட்டது.

மண்டபத்தின் பிம்பமும் சிக்கல்தான். வெளிச்சமான கல்லைச் சற்று மங்கலாகவும் இருண்ட தூணைச் சற்று வெளுப்பாகவும்தான் தீட்டினேன். இருந்தும் அலை நெளிவுகள் பத்தமடைப் பாய் பின்னியதுபோல் இருக்கின்றன!

மினுமினுப்புக்கு, வண்ணம் படாமல் தாளின் வெண்மையைக் காக்கும் மறைப்புத் திரவம் தடவலாமா, உலர்ந்த தூரிகையால் உரசிச் செல்லலாமா? வெள்ளை வண்ணத்தைத் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறேன். நடுப்பகுதியை எந்த வரிசையில் தீட்டுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை நான்காவது தாளை நனைக்கப் போகிறேன். அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.