10 ஆர்ஜினின் இருந்தால் எந்த ஆர்என்ஏவிலும் ஒட்டிவிடுமா?

கேள்வி (ஆய்வு மாணவி, முதலாமாண்டு):
எச்ஐவியின் ரெவ் புரதத்தில் 34 முதல் 50 வரையிலான துண்டு என்னிடம் இருக்கிறது. 17 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு), அதில் 10 நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினின். ஜெல் ஷிஃப்ட் (புரதம் ஒட்டிய ஆர்என்ஏ ஜெல்லில் மெதுவாக நகர்ந்து மேலே நிற்கும் சோதனை) செய்தேன். ஆர்ஆர்இ (ரெவ் ஒட்டும் எச்ஐவி ஆர்என்ஏ பகுதி) தண்டின் பேண்ட் மேலே ஏறியது. ஆனால் ரெவ் ஒட்டக்கூடாத கண்ட்ரோல் ஆர்என்ஏவும் கூடவே ஏறிவிட்டது! அப்படியானால் இது வெறும் மின்னூட்டக் கவர்ச்சிதானா? மூன்று வாரமாக மண்டை காய்கிறது.

பதில் (பழைய ஆர்என்ஏக்காரன்):
ஈஸ்ட் டிஆர்என்ஏ (ஆர்ஆர்இயோடு தொடர்பில்லாத, போட்டிக்குப் போடும் ஆர்என்ஏ) சேர்த்தீர்களா? நானும் அதை விட்டுவிட்டு ஒரு மாதம் வீணடித்தவன். ஆர்என்ஏ முதுகெலும்பின் எதிர்மின் பாஸ்பேட்டைத் தேடித் திரியும் ஆர்ஜினின்களுக்கு டிஆர்என்ஏவைக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் உண்மையான பிணைப்பு.

மின்னூட்டம் பெப்டைடை ஆர்என்ஏ பக்கத்தில் கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். அடையாளம் காண்பது வேறு கதை. ஆர்என்ஏ இரட்டைச் சுருளின் மேஜர் குரூவ் (பெரும்பள்ளம்) ஆழமானது, ஆனால் குறுகலானது. ரெவ் பெப்டைடு மடியும் ஆல்ஃபா சுருள் அதற்குள் இறங்காது. ஆர்ஆர்இயில் ஜி-ஏ, ஜி-ஜி என்று வழக்கத்துக்கு மாறான இரண்டு பியூரின் (பெரிய காரம்) ஜோடிகள் சேர்ந்து அந்தப் பள்ளத்தை விரித்துவிடுகின்றன. ரெவ் சுருள் அங்கேதான் போய் உட்காருகிறது. ரெவ்வின் 40ஆவது அமினோ அமிலமான அஸ்பராஜின், ஆர்ஆர்இயின் ஜி47, ஏ73 என்ற இரண்டு காரங்களையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. 1996இல் வந்த என்எம்ஆர் அமைப்பைப் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரியும் படம் அது.

1993லேயே ஒவ்வோர் அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்தார்கள். குறிப்பிட்ட பிணைப்புக்கு அவசியமானவை ஆறுதான்: ஒரு த்ரியோனின், ஒரு அஸ்பராஜின், நான்கு ஆர்ஜினின். உங்கள் பெப்டைடின் முனைகள் வேதிக் குழு போட்டு மூடப்பட்டவையா? இல்லையென்றால் சுருள் சரியாக நிற்காது, சரியான ஆர்என்ஏவை மட்டும் பிடிக்கும் தனித்தன்மையும் குறையும். சுருள் இருக்கிறதா என்று சிடியில் (வட்ட இருநிற ஒளி அளவீடு) 222 நானோமீட்டரில் பாருங்கள்.

பதில் (ஃபேஜ் ஆய்வாளர்):
எல்லாமே சுருள் என்று நினைத்துவிடாதீர்கள். மாட்டு வைரஸான பிஐவியின் டாட் புரதப் பெப்டைடு, அதே வைரஸின் டார் ஆர்என்ஏவின் பள்ளத்துக்குள் பீட்டா ஹேர்பின்னாக (கொண்டை ஊசி வடிவில்) மடிகிறது. லாம்டா ஃபேஜின் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) ‘என்’ (N) புரதப் பெப்டைடு சுருள்தான், ஆனால் அதன் 18ஆவது ட்ரிப்டோபன் பாக்ஸ்பி என்ற ஆர்என்ஏவின் வளையத்து அடினின் மேல் தட்டுபோல் அடுக்கிக்கொள்ளும்.

மாணவி:
அண்ணா, டிஆர்என்ஏ போட்டேன். கண்ட்ரோல் பேண்ட் கீழேயே நின்றுவிட்டது, ஆர்ஆர்இ மட்டும் மேலே! முனைகள் மூடவில்லைதான். அப்புறம், மூடிய பெப்டைடையும் அஸ்பராஜினை மாற்றியதையும் சேர்த்தே ஆர்டர் செய்துவிட்டேன்.