சிங்கத்துக்குப் பக்கத்தில் அரம்: பழைய இங்கிலீஷ் வெள்ளிக் கரண்டி அனுபவங்கள்

மல்லிகை, ஈஸ்ட் ஹாம்:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசை அரிக்குது. சங்கிலிக் கொக்கி பத்தவைக்க ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். பழைய தங்கம், வெள்ளியும் எடுக்கிற கடை. எனக்கு முன்னாடி ஒரு வயசான வெள்ளைக்காரம்மா. பிளாஸ்டிக் பையிலிருந்து கரண்டிகளைக் கண்ணாடி மேல கொட்டினாங்க. பன்னெண்டு, பதிமூணு இருக்கும், எல்லாம் கறுத்துப்போய். அதில் பெரிய கரண்டி ஒண்ணு குப்புற விழுந்து கிடந்தது. காம்பில், குழியை ஒட்டி நாலு முத்திரை நெருக்கியடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சிங்கம், கிரீடம் வச்ச சிறுத்தைத் தலை, ஒரு எழுத்து. செஞ்சவரோட முத்திரை தேய்ஞ்சு வெறும் பள்ளமாயிருந்தது. ராஜா தலை இல்லை. குழியின் விளிம்பு ஒரு பக்கமாவே தேய்ஞ்சிருந்தது. எத்தனை பேரோட வலது கை அதால தட்டைச் சுரண்டியிருக்கணும்!

கடைக்காரர் அரத்தை எடுத்தார். சிங்கத்துக்குப் பக்கத்திலேயே வச்சு ஒரு இழுப்பு. மேல ஆசிட் ஒரு சொட்டு விட்டதும் ரத்தச் சிவப்பா மாறிச்சு. "ஸ்டெர்லிங்"னார், அசல் வெள்ளின்னு அர்த்தம். சிங்கமும் அதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தது! தராசில் 64 கிராம் காட்டிச்சு, மத்ததோட ட்ரேயில் போட்டுட்டார். உருக்குற விலைதான். அந்தம்மா பணத்தை எண்ணாம பர்ஸில் வச்சுக்கிட்டுப் போனாங்க. நான் வாயைத் திறக்கலை. அடுத்தவங்க வியாபாரத்தில் எப்படிக் குறுக்க விழுறதுன்னு நின்னுட்டேன்.

லெஸ்டர் ராஜன்:
மல்லிகை, ரொம்ப மனசு விடாதீங்க. முத்திரை இருக்கிறதெல்லாம் பழைய வெள்ளி ஆகிடாது. கார் டிக்கியில் பழைய சாமான் வச்சு விக்கிற கார் பூட் சந்தையில் 40 பவுண்டுக்கு ஆறு கரண்டி வாங்கினேன். கல்யாண நாளுக்கு மனைவிக்குக் கொடுக்கணும்னு. கட்டம் கட்டமா நாலு குறி, அச்சு அசல் ஹால்மார்க் மாதிரியே. வீட்டில் லென்ஸ் வச்சுப் பார்த்தா கட்டத்துக்கு ஒரு எழுத்து: ஈ, பி, என், எஸ். கோதிக் எழுத்தில் சுழிச்சுச் சுழிச்சுப் போட்டிருந்தான். நிக்கல் கலவை மேல் வெள்ளி முலாம். குழிக்கு அடியில், மேசையில் உரசுற இடத்தில், மஞ்சளா உள் உலோகம் எட்டிப் பார்த்தது. அவகிட்ட நான் உண்மையைச் சொல்லவே இல்லை. விருந்தாளி வந்தா அதைத்தான் முதல்ல எடுத்து வைக்கிறா.

பழம்பொருள் பித்தன்:
ராஜன், உங்க கதை இங்க பொருந்தாது. மல்லிகை பார்த்தது ஆசிட்லயே தேறினது. அதோட, நடக்கிற சிங்கத்தை முலாம் சாமானில் அடிச்சா அது மோசடி. 1544லிருந்து அந்தச் சிங்கத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி.

புதுசா வாங்குறவங்களுக்காகச் சொல்றேன். முதல்ல சிங்கத்தைத் தேடுங்க. அடுத்தது ஊர். லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, 1821 வரைக்கும் கிரீடத்தோட. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம். ஷெஃபீல்டுக்குக் கிரீடம், 1975க்கு அப்புறம் ரோஜா. அந்த ரெண்டு ஊருக்கும் வெள்ளியைச் சோதிச்சு முத்திரை அடிக்கிற அலுவலகம் வந்தது 1773ல். சின்ன சாமானில் ஷெஃபீல்டு கிரீடத்தையும் ஆண்டு எழுத்தையும் (வருஷத்துக்கு ஒரு எழுத்து) ஒரே முத்திரையா அடிச்சிருப்பாங்க, குழம்பாதீங்க. 1784 கடைசியிலிருந்து 1890 வரைக்கும் ராஜா இல்லைன்னா ராணி தலை இருக்கும், வரி கட்டியாச்சுன்னு அடையாளம். ஆண்டு எழுத்து லண்டனில் அந்தக் காலத்தில் ஒரு சுற்றுக்கு 20தான், ஜே கிடையாது, யு-வோட முடிஞ்சிடும். அடுத்த சுற்றில் எழுத்தோட வடிவமோ, அதைச் சுத்தியிருக்கிற கட்டமான கேடயத்தோட வடிவமோ மாறும். அதனால எழுத்தை மட்டும் பார்த்து வருஷம் சொல்லாதீங்க. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு பையிலேயே இருக்கட்டும். சோடா உப்பு, அலுமினியத் தாள் வைத்தியமெல்லாம் வேண்டாம், செதுக்கல் பள்ளத்தில் நிக்கிற கறுப்பையும் சேர்த்து உறிஞ்சிடும். அந்தக் கறுப்பு இருந்தாத்தான் எழுத்து படிக்க முடியும். பாத்திரம் கழுவுற மெஷினில் போடவே போடாதீங்க. குழியில் பழ உருவம் தட்டிப் புடைக்க வச்ச கரண்டியையும் வாங்காதீங்க, நல்ல கரண்டியைப் பாழாக்கினது அது.

என் கதை சின்னது. நான் முதல்ல வாங்கின கரண்டியைப் பளபளப்பாக்கணும்னு மெஷின் சக்கரத்தில் பிடிச்சேன். அஞ்சு நிமிஷத்தில் சிங்கத்துக்கு முகம் போயிடுச்சு. கால்கள் மட்டும் நடந்துக்கிட்டு இருக்கு.

மல்லிகை, அந்த எழுத்து என்ன?

யாழ்நிலா:
பித்தன் அண்ணா, கோவிக்காதேங்கோ. "பாழாக்கினது" எண்டு சொன்னது எனக்குத் தாங்கேல்லை. ஹாரோவில ஒரு வயசான மனுசியைப் பராமரிக்கிற வேலை செய்தனான். 91 வயசு. அவவிட்ட இருந்தது நீங்கள் சொன்ன மாதிரிக் கரண்டிதான். காம்பில ஜோர்ஜ் ராசாவின்ர தலை. குழிக்குள்ள பேரிக்காயும் திராட்சையும் புடைச்சு நிக்கும், மேல தங்கப் பூச்சு. விக்டோரியா காலத்தில ஆரோ பழைய கரண்டியில தட்டினது. கடைசி ரெண்டு கிழமையும் வேற கரண்டிக்கு அவ வாய் திறக்கேல்லை. கஸ்டர்ட் குறையக் குறைய அடியில பேரிக்காய் தெரியும். அதைக் கண்டாப் பிறகுதான் தலையை ஆட்டுவா, இனிப் போதும் எண்டு.

அவ செத்தாப் பிறகு மகன் அதை ஒரு உறையில போட்டு நீட்டினவர். வேலை விதிப்படி பரிசு வாங்கக் கூடாது, வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவர் அதைத் திருப்பிக் கோட்டுப் பையில வச்சது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

மல்லிகை, ஈஸ்ட் ஹாம்:
யாழ்நிலா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியலை.

பித்தன் அண்ணா, எழுத்து ஆங்கிலச் சின்ன டி (d). இல்லைன்னா பி (p). வயிறு ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். கரண்டி அவர் பக்கமா திரும்பியிருந்தது, டி-யைத் தலைகீழாப் பார்த்தா பி தானே.

பழம்பொருள் பித்தன்:
பி-ன்னா 1790ஆ இருக்க முடியாது. அப்ப ராஜா தலை இருக்கணும், முத்திரையும் காம்பின் நுனிப் பக்கம் போயிருக்கும். குழியை ஒட்டி அடிக்கிறது 1780 வாக்கில் நின்னுபோச்சு. டி-ன்னா 1779. ஆனா அதுக்கு முந்தின ஒரு சுற்றிலும் இதே சின்ன எழுத்துதான்: டி 1739, பி 1750. கேடயத்தோட வடிவம் ஞாபகம் இருக்கா? இல்லைன்னா இதைச் சொல்லுங்க: காம்பு நுனி மேல வளைஞ்சிருந்ததா, கீழயா? பேர் எழுத்து முன்னாடியா, முதுகிலயா? பழைய வழக்கப்படி கரண்டியை மேசையில் கவிழ்த்து வைப்பாங்க. அதனால பேரை முதுகில் செதுக்குவாங்க, நுனி மேல் நோக்கி வளைஞ்சிருக்கும். 1760களுக்கு மேல நிமிர்த்தி வைக்கிற பழக்கம் வந்து, நுனி கீழே வளைஞ்சது, பேரும் முன்பக்கம் வந்தது.

மல்லிகை, ஈஸ்ட் ஹாம்:
கேடயம் ஞாபகம் இல்லை. ஆனா முதுகில்தான் எழுத்து. குப்புற விழுந்ததால நுனியோரத்தில் தெளிவாத் தெரிஞ்சது. மூணு எழுத்து, முக்கோணமா. மேல ஒண்ணு, கீழ ரெண்டு.

பழம்பொருள் பித்தன்:
அப்படின்னா பெரும்பாலும் 1739, இல்லைன்னா 1750. மேல இருக்கிறது குடும்பப் பேர். கீழ புருஷன் ஒண்ணு, பொண்டாட்டி ஒண்ணு.

மல்லிகை, ஈஸ்ட் ஹாம்:
சங்கிலி ரசீது இன்னும் என்கிட்டதான் இருக்கு, வாங்கப் போகலை. நாளைக்குக் காலையில கடை திறக்கும்போதே போறேன்.