உதவி: செடி வெச்ச மீன் தொட்டியில பாசி, எவ்வளவு கழுவினாலும் திரும்ப வருது

தாம்பரம்_தொட்டி (ஞாயிறு, இரவு 11:42)
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். தொட்டி முழுக்கப் பாசி. ரெண்டு தடவை மொத்தமா இறக்கிக் கழுவிட்டேன், பத்து நாள்ல மறுபடி வந்துடுது. செடி இலையெல்லாம் பிடிச்சிருக்கு. வர்ற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வீட்டுல விசேஷம், சொந்தக்காரங்க வர்றாங்க, தொட்டி ஹால்லயே இருக்கு. கடைக்காரர் பாசி மருந்துன்னு ஒரு பாட்டில் குடுத்தார். ஊத்தலாமா? எவ்ளோ ஊத்தணும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ரோ.

செடிப்பித்தன் (ஞாயிறு, இரவு 11:58)
எந்தப் பாசி ப்ரோ? பச்சையா முடி மாதிரியா, கண்ணாடியில புள்ளி புள்ளியாவா, வழவழன்னு போர்வை மாதிரி உரியுதா, கறுப்பா தாடி மாதிரியா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. தொட்டி அளவு, லைட் எத்தனை மணி நேரம், சிஓ2 (கரியமில வாயு) விடுறீங்களா, உரம் என்ன, எல்லாம் சொல்லுங்க. போட்டோ இருந்தா போடுங்க.

குளத்தூர்_மச்சான் (திங்கள், நள்ளிரவு 12:20)
பாசி திங்கிற சக்கர் மீன் ரெண்டு வாங்கி விடுங்க. ஒரே வாரம், கண்ணாடி பளிச்னு ஆயிடும். என் தொட்டியில அப்படித்தான் போச்சு.

கோவை_அக்கா (திங்கள், காலை 5:55)
தம்பி, அந்த மருந்த ஊத்தீராதீங்க. பாட்டில்ல என்ன எழுதியிருக்குதுங்க? தண்ணி நீலமா இருக்குதா? நீலம்னா மயில்துத்தமா இருக்கலாம். இறால் வெச்சிருந்தீங்கன்னா ஒண்ணு மிஞ்சாதுங்க. அப்பறம் மொத்தமா இறக்கிக் கழுவுனேன்னு சொல்றீங்களே, ஃபில்டர் ஸ்பாஞ்சையுமா? அதுல இருக்கற பாக்டீரியாதான் மீன் கழிவைச் சுத்தம் பண்றது. தொட்டித் தண்ணியவே ஒரு பக்கெட்டுல எடுத்து, அதுல ரெண்டு பிழி பிழிஞ்சா போதுங்க.

நீர்க்கோலம் (திங்கள், காலை 6:10)
கேள்வி கேட்கும் முன் என்னென்ன தகவல் தர வேண்டும் என்று இந்தப் பகுதியின் உச்சியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. 14 ஆண்டுகளாகச் செடித் தொட்டி வைத்திருக்கிறேன். புதியவர்களின் தொட்டியில் பாசி வந்தால் காரணம் பாஸ்பேட்தான், வேறு தேட வேண்டியதில்லை. தீனியை அள்ளிப் போடுகிறார்கள், அதிலிருந்து பாஸ்பேட், அதிலிருந்து பாசி. 1996இல் பால் சியர்ஸும் கெவின் கான்லினும் தொட்டிப் பாசி பற்றிய கட்டுரையில் எழுதியதும் இதுவே: பாஸ்பேட்டைப் பற்றாக்குறையில் வைத்தால் பாசி பட்டினி கிடக்கும். அடிப்படையைப் படித்த பிறகு தொட்டி வையுங்கள்.

செடிப்பித்தன் (திங்கள், காலை 8:31)
ஐயா, அதுக்கப்புறம் செடித் தொட்டி நிபுணர் டாம் பார் தன் தொட்டியில பாஸ்பேட்டை வேணும்னே அளந்து போட்டுக் காட்டினாரே. செடி நல்லா வளர்ற தொட்டியில பாஸ்பேட் ஏறினதுக்காகப் பாசி வரல. கண்ணாடியில வர்ற பச்சைப் புள்ளிப் பாசி பாஸ்பேட் பத்தாததாலதான் வருது, போட்டா குறையுது. எந்தப் பாசின்னே தெரியாம தீனியைக் குறைக்கச் சொன்னா மீன்தான் பட்டினி கிடக்கும்.

நீர்க்கோலம் (திங்கள், காலை 8:50)
தொட்டி வைக்கத் தொடங்கி மூன்று வருடம் ஆனவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

தாம்பரம்_தொட்டி (திங்கள், இரவு 9:15)
சாரி, ஆபீஸ்ல இருந்தேன். போட்டோ ஏற மாட்டேங்குது. தொட்டி 2 அடி. பாசி சாம்பலும் கறுப்பும் கலந்த கலர். அனுபியாஸ் செடி இலை ஓரத்துல, ஃபில்டர் பைப்புல, மரக்கட்டையில குஞ்சம் குஞ்சமா நிக்குது. தண்ணி ஓடுற இடத்துல நிறைய. நகத்தால சுரண்டினாலும் வரல. கப்பி மீன் 12, செர்ரி இறால் ஒரு பத்து இருக்கும். சிஓ2 எல்லாம் இல்ல ப்ரோ. மருந்து வெளிர் நீலம், லேபிள் இல்ல. இன்னும் ஊத்தல.

கோவை_அக்கா (திங்கள், இரவு 9:22)
ஊத்தாதீங்க. பாட்டில மூடி, எடுத்து உள்ள வெச்சிருங்க.

செடிப்பித்தன் (திங்கள், இரவு 9:40)
நகத்துக்கு வராத கறுப்புக் குஞ்சம்னா தாடிப் பாசி ப்ரோ. பார்க்கக் கறுப்பு, ஜாதியில அது சிவப்புப் பாசி. உறுதி பண்ணணும்னா, பாசி பிடிச்ச ஒரு இலையைக் கிள்ளி, கண்ணாடி டம்ளர்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊத்தி அதுல போடுங்க. ஸ்பிரிட் பச்சை நிறத்தை இழுத்துடும், சிவப்பு மட்டும் தங்கும். பச்சை முடிப் பாசின்னா வெளுத்துப் போகும்.
2 அடிங்கறது நீளம். அகலமும் உயரமும்? லைட் நேரம் இன்னும் சொல்லல. உரமும் சொல்லல.

குளத்தூர்_மச்சான் (திங்கள், இரவு 10:02)
இவ்ளோ சோதனை எதுக்கு? சக்கர் விட்டா தின்னுட்டுப் போகுது.

கோவை_அக்கா (திங்கள், இரவு 10:11)
சக்கர் தாடிப் பாசியத் தொடவே தொடாதுங்க. குட்டியா இருக்கறப்ப கண்ணாடில இருக்கற பச்சைய உறிஞ்சும், அவ்வளவுதான். ஒரு அடிக்கு மேல வளரும். 2 அடித் தொட்டில அது திரும்பக்கூட இடம் பத்தாது, போடற கழிவுல பாசி இன்னும் ஏறும். தாடிப் பாசி திங்கறது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். அதுக்கும் இந்தத் தொட்டி சின்னதுங்க. கடைல அந்தப் பேரச் சொல்லி வேற மீனக் குடுத்துருவாங்க. கறுப்புக் கோடு வால் நுனி வரைக்கும் ஓடுனாத்தான் அது அசல்.

குளத்தூர்_மச்சான் (திங்கள், இரவு 10:19)
பெருசானா ஏரியில விட்டுட வேண்டியதுதான். நான் போன வருஷம் அப்படித்தான் விட்டேன். கொல்ல மனசு வரல.

ஏரிக்கரையான் (திங்கள், இரவு 10:47)
அண்ணா, நான் பொதுவா இங்க படிக்கிறதோட சரி. இதுக்கு மட்டும் எழுதியே ஆகணும்னு வர்றேன். எங்க சித்தப்பா செங்கல்பட்டு பக்கம் ஏரியில வலை போடுறவர். வலையில சக்கர் ஏறிடுச்சுன்னா பக்கத்து முள்ளும் முதுகு முள்ளும் நூல்ல கொக்கி மாதிரி மாட்டிக்கும். உடம்பே அரம் மாதிரி சொரசொரன்னு இருக்கும், உருவவே முடியாது. கத்தி எடுத்து வலையைத்தான் அறுக்கணும். ஒரு நாள் காலையில நானும் கூடப் போனேன். 7 சக்கர், 2 கெண்டை. சக்கரை யாரும் காசு குடுத்து வாங்க மாட்டாங்க. கரையில எறிஞ்சது மத்தியானம் வரைக்கும் செத்தும் சாகாம வாயைத் திறந்து மூடிக்கிட்டுக் கிடந்துது. அன்னைக்குச் சாயங்காலம் சித்தப்பா சாப்பிடாம உக்காந்து வலை தைச்சார்.
அது தென் அமெரிக்கா மீன். நம்ம ஏரியில அதைத் திங்க ஆள் கிடையாது. கரையில பொந்து போட்டு முட்டை வைக்கும். ஒண்ணு விட்டாலும் தப்புதான்.

குளத்தூர்_மச்சான் (திங்கள், இரவு 11:05)
நான் விட்டது ஒண்ணே ஒண்ணு தம்பி. உயிர் பாவம்னுதான் விட்டேன். அதைப் போய் குத்தம் மாதிரி பேசுறீங்க.

ஏரிக்கரையான் (திங்கள், இரவு 11:09)
உங்க நல்ல மனசைக் குத்தம் சொல்லல அண்ணா. அந்த ஏரியிலயும் கெண்டை, விரால், அயிரைன்னு உயிருங்க இருக்கு. அடுத்த தடவை கடையிலயே திருப்பிக் குடுங்க, நிறைய கடையில வாங்கிக்குவாங்க.

நீர்க்கோலம் (செவ்வாய், காலை 6:05)
இந்த விவாத இழை தொட்டிப் பாசியைப் பற்றியது. சக்கருக்குத் தனி இழை தொடங்குங்கள்.

தாம்பரம்_தொட்டி (செவ்வாய், இரவு 8:30)
ஸ்பிரிட்ல போட்டேன். பத்து நிமிஷத்துல ஒண்ணும் தெரியல, சாப்பிட்டு வந்து பார்த்தா இலை வெளுத்திருக்கு, ஓரத்துல இருந்த குஞ்சம் மட்டும் பீட்ரூட் கலர்ல நிக்குது. அம்மாவே பார்த்துட்டு ஆச்சரியப்பட்டாங்க. அப்போ தாடிப் பாசிதான்.
அளவு 2க்கு 1க்கு 1 அடி. போர் தண்ணி, டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்பு) 900. லைட் காலையில 10 மணிக்குப் போட்டா படுக்கப் போறப்ப நிறுத்துவோம். சிஓ2 சிலிண்டர் எல்லாம் இல்ல, சர்க்கரை ஈஸ்ட் பாட்டில் மட்டும்தான் இருக்கு. சண்டே சண்டே மாத்துவேன்.

செடிப்பித்தன் (செவ்வாய், இரவு 8:44)
ப்ரோ, அந்த ஈஸ்ட் பாட்டில்தான் சிஓ2! அதை ஏன் இல்லன்னு சொன்னீங்க? இந்த வெயில்ல ஈஸ்ட் முதல் ரெண்டு மூணு நாள் பொங்கும், அப்புறம் படுத்துடும். ஞாயித்துக்கிழமை தண்ணியில சிஓ2 நிறைய, வெள்ளிக்கிழமை ஒண்ணுமே இல்ல. செடி அந்த ஏத்த இறக்கத்துக்கு ஈடு குடுக்க முடியாம இலை நலிஞ்சு போகும், தாடிப் பாசி அந்த இலை ஓரத்துலதான் குடியேறும். லைட் வேற 12 மணி நேரத்துக்கு மேல எரியுது. எலக்ட்ரிக் கடையில ஒரு டைமர் வாங்கி மாட்டுங்க, சாயங்காலம் 5லேர்ந்து 11 வரைக்கும். 6 மணி நேரம் போதும், வீட்டுல இருக்கிற நேரமும் அதுதானே.

யாழ்_கிரிப்டோ (செவ்வாய், இரவு 9:30)
தம்பி, எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல் தண்ணி. கேத்தில் அடியில வெள்ளைப் படை கட்டும். அந்தத் தண்ணியிலயே ஒரு சிஓ2வும் இல்லாமல் கிரிப்டோகோரைன் வென்ட்டி வடிவா வளருது. அது இலங்கையின்ர சொந்தச் செடி. உங்கட தொட்டிக்கும் அந்தப் போத்தல் தேவையில்லை எண்டுதான் நான் நினைக்கிறன். அனுபியாஸ், கிரிப்டோ, ஜாவா ஃபெர்ன் மாதிரி மெதுவா வளருற செடியள் எண்டால் லைட்டைக் குறைச்சு, போத்தலை எடுத்துப்போட்டுப் பாருங்கோ. சிஓ2 இல்லாமல் இருக்கிறது பிரச்சினை இல்லை. இண்டைக்கு இருந்து நாளைக்கு இல்லாமல் போறதுதான் பிரச்சினை.

தாம்பரம்_தொட்டி (செவ்வாய், இரவு 10:12)
சரி அண்ணா. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன், உரம் கேட்டீங்கல்ல. நான் எதுவும் போடல. அம்மா மாடித்தோட்டத்துக்குப் போடுற 19:19:19 உரத்துல ஒரு சிட்டிகை வாரம் ரெண்டு தடவை இதுலயும் போடுறாங்களாம். இப்பதான் சொன்னாங்க. செடிக்கு நல்லதுதானேன்னு கேக்குறாங்க.

செடிப்பித்தன் (செவ்வாய், இரவு 10:15)
உடனே நிறுத்தச் சொல்லுங்க!! அதுல இருக்கிற தழைச்சத்துல பெரும்பங்கு யூரியாவும் அமோனியமும். மண்ணுல போட்டா சரி. தொட்டியில போட்டா யூரியாவும் அமோனியாவா மாறும். போர் தண்ணி பிஎச் 8க்கு மேல இருந்தா அமோனியாவோட விஷம் பல மடங்கு. ஸ்பாஞ்சையும் கழுவியிருந்தா பாக்டீரியாவும் போயிருக்கும். கப்பி மேல வந்து வாயைப் பிளந்து மூச்சு விடுதா பாருங்க. இப்பவே பாதித் தண்ணி மாத்துங்க, நாளைக்கும் பாதி. பாசி அப்புறம், முதல்ல மீன்.

நீர்க்கோலம் (புதன், காலை 6:20)
19:19:19இல் மணிச்சத்தும் 19 பங்கு இருக்கிறது. அதாவது பாஸ்பேட். நான் முதல் நாளே சொன்னேன்.

கோவை_அக்கா (புதன், காலை 6:48)
ஐயா, நீங்க தீனியக் குறைக்கத்தானுங்க சொன்னீங்க. தம்பி, அம்மாவத் திட்டாதீங்க. செடி வாடுதேன்னு அக்கறைல போட்டிருக்காங்க.

செடிப்பித்தன் (புதன், காலை 9:05)
அம்மாவுக்குச் செடிக்கு ஏதாவது போட்டே ஆகணும்னா, அதே உரக்கடையில 13:0:45 கிடைக்கும், அது பொட்டாசியம் நைட்ரேட். அமோனியா பயம் இல்ல. உங்க தொட்டியில 50 லிட்டர்னு வெச்சா 1 கிராமுக்கு நைட்ரேட் 12 பிபிஎம் (லிட்டருக்கு 12 மில்லிகிராம்) ஏறும். இப்ப வேண்டாம், ஒரு மாசம் போகட்டும்.

இருக்கிற பாசிக்கு: மெடிக்கல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்க. பாட்டிலைத் திருப்பிப் படிங்க, இது முக்கியம். வெளிநாட்டு வீடியோவுல சொல்ற அளவு எல்லாம் 3 சதவீதத்துக்கு. நம்ம ஊர்ல பெரும்பாலும் 6 சதவீதம், "20 வால்யூம்"னு போட்டிருக்கும். அதுன்னா பாதி அளவுதான். 50 லிட்டருக்கு 6 சதவீதம்னா ஒரு நாளைக்கு 10 மில்லிக்கு மேல போகாதீங்க. ஃபில்டரை நிறுத்துங்க, தண்ணி அசையக் கூடாது. ஊசி கழட்டின சிரிஞ்சுல எடுத்து, குஞ்சத்துக்குப் பக்கத்துல வெச்சு மெதுவா விடுங்க. சோடா மாதிரி முத்து முத்தாக் குமிழ் கிளம்பும். 10 நிமிஷம் கழிச்சு ஃபில்டர் போடுங்க. இறால் இருக்கிற பக்கம் விடாதீங்க. ரெண்டு மூணு நாள்ல பாசி ரோஸ் கலர் ஆச்சுன்னா செத்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் இறாலே மேயும். ரொம்பப் பிடிச்ச இலையைக் காம்போட வெட்டிடுங்க, அந்த இலை தேறாது. அமோனியா இறங்கி மீன் தெளிஞ்ச பிறகு இதைத் தொடங்குங்க.

யாழ்_கிரிப்டோ (வெள்ளி, இரவு 8:40)
தம்பி, மீன்கள் எப்பிடி?

குளத்தூர்_மச்சான் (ஞாயிறு, காலை 10:15)
ப்ரோ ஒரு பதிலும் இல்லையே. கப்பி தப்பிச்சுதா? ஏரிக்கரையான் தம்பி, என்கிட்ட இன்னொரு சக்கர் இருக்கு. குளத்தூர்ல வாங்கின கடையில கேட்டேன், எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க.

ஏரிக்கரையான் (ஞாயிறு, காலை 10:40)
ரொம்ப சந்தோஷம் அண்ணா. சித்தப்பாகிட்ட சொல்றேன்.

தாம்பரம்_தொட்டி (மூணு வாரம் கழிச்சு, சனி, இரவு 11:20)
லேட்டுக்கு சாரி, விசேஷ வேலை. கப்பி 3 போச்சு, மத்தது நல்லா இருக்கு. இறால் குட்டி போட்டிருக்கு. பைப்புல இருந்தது ரோஸ் ஆகி உதிர்ந்துடுச்சு, கட்டையில கொஞ்சம் இருக்கு. புதுசா வர்ற அனுபியாஸ் இலை சுத்தமா வருது. எல்லாருக்கும் நன்றி.

செடிப்பித்தன் (சனி, இரவு 11:31)
சூப்பர் ப்ரோ. ஈஸ்ட் பாட்டிலை எடுத்துட்டீங்களா, வெச்சிருக்கீங்களா? லைட் இப்ப எத்தனை மணி நேரம்?

கோவை_அக்கா (ஞாயிறு, காலை 6:02)
அந்த நீல பாட்டில் இன்னும் வீட்டுல இருந்தா குழந்தைக கைக்கு எட்டாத இடத்துல வைங்க தம்பி.