விண்டோஸ் 8: டச் இல்லாத கம்ப்யூட்டர்ல இந்த டிசைன் எதுக்கு?

நிழல்வரி
2012 நவம்பர்

எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் 26-ம் தேதி விண்டோஸ் 8 வந்ததுல இருந்து எங்க போனாலும் ஒண்ணு "சூப்பர்"ங்கறாங்க இல்ல "குப்பை"ங்கறாங்க, நடுவுல நின்னு பேசற ஆளே காணோம், அதான் இங்க கேக்கறேன். என்கிட்ட இருக்கறது சாதாரண டெஸ்க்டாப், ரெண்டு மானிட்டர், மவுஸ், கீபோர்டு. டச் கிடையாது, டச் மானிட்டர் வாங்கற ஐடியாவும் இல்ல.

பிப்ரவரி கடைசில கன்ஸ்யூமர் ப்ரிவ்யூ வந்தப்பவே பாத்தேன், சரி இது ட்ரையல்தானே, இவ்வளவு பேர் கத்தறாங்க, ஃபைனல்ல ஸ்டார்ட் பட்டனைத் திரும்பக் குடுத்துருவாங்கன்னு இருந்தேன். குடுக்கல. இடது கீழ் மூலை காலி. ஏதாவது ஒரு புரோகிராம் திறக்கணும்னா படிச்சிட்டு இருக்கற மானிட்டரை முழுசா மூடிக்கிட்டு கலர் கலரா கட்டம் வருது, திறந்ததும் மறுபடி டெஸ்க்டாப், என்ன படிச்சோம்னு கண்ணு திரும்பத் தேடுது. ஷட் டவுன் பண்ண வலது மூலைக்குப் போய் சார்ம்ஸ்ங்கற ஒளிஞ்சிருக்கற பட்டையை வரவச்சு, செட்டிங்ஸ், பவர், அப்புறம் ஷட் டவுன். ஒரு ஃபோட்டோவை டபுள் கிளிக் பண்ணா ஃபுல் ஸ்க்ரீன்ல வேற ஒரு ஆப் திறக்குது, மூடறதுக்கு எக்ஸ் இல்ல, மேல இருந்து பிடிச்சு கீழ வரைக்கும் இழுக்கணுமாம். அந்த ஆப் உள்ள இருக்கும்போது மணி எத்தனைன்னுகூட தெரியாது!

என் கேள்வி இதுதான். இது பழகினா சரியாயிடற விஷயமா, இல்ல டெஸ்க்டாப்புக்கு இந்த டிசைனே ஒத்து வராதா? "பழகிடும்"னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க, எது பழகுச்சு எது கடைசி வரை பழகவே இல்லன்னு பிரிச்சு சொல்லுங்க, புண்ணியமா போகும்.


கட்டளைக்கோடு

பாஸ், ரொம்பப் பெருசு பண்ணாதீங்க. விண்டோஸ் கீயை அழுத்தி புரோகிராம் பேரை அப்படியே டைப் பண்ணுங்க, என்டர். முடிஞ்சுது. விண்டோஸ் 7-லயும் இதேதான பண்ணோம். அந்தக் கட்டங்களை நான் பாக்கறதே இல்ல.

மூலைல மவுஸை வச்சு ரைட் கிளிக் பண்ணா, இல்ல விண்டோஸ் கீயோட எக்ஸ் அழுத்தினா ஒரு மெனு வரும், டிவைஸ் மேனேஜர், டிஸ்க் மேனேஜ்மென்ட், அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட் எல்லாம் அங்கேயே இருக்கு, 7-ல இதுக்கெல்லாம் எங்கெங்கயோ சுத்தணும். ஷட் டவுனுக்கு டெஸ்க்டாப்ல நின்னு ஆல்ட் எஃப்4.

ஒருத்தரும் பேசாத விஷயம் என்னன்னா உள்ளுக்குள்ள நல்லா வேலை செஞ்சிருக்காங்க. பூட் வேகம் (ஷட் டவுன் பண்ணும்போது விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலை மட்டும் டிஸ்க்ல எழுதி வச்சுக்குது, அடுத்த தடவை அதையே எடுத்துக்குது), புது டாஸ்க் மேனேஜர், ஃபைல் காப்பியை பாதியில நிறுத்தி வைக்கலாம், ஐஎஸ்ஓ ஃபைலை (சிடி, டிவிடியோட நகல்) டபுள் கிளிக் பண்ணா டிரைவா வந்துரும், ப்ரோ எடிஷன்ல ஹைப்பர்-வி (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டற வசதி). நாலு கட்டத்தைப் பாத்து இதையெல்லாம் வேணாம்னு சொல்றது நியாயமா?


அரைப்புள்ளி

கட்டளைக்கோடு அண்ணே, நீங்க சொன்னது எல்லாமே சரி, ஆனா கவனிச்சீங்களா, நீங்க சொன்ன வழி எல்லாமே கீபோர்டு வழி. டச்சுக்காக செஞ்ச ஒரு டிசைனை வச்சு வேலை பாக்கணும்னா கீபோர்டு ஷார்ட்கட்டை மனப்பாடம் பண்ணணும்னா, நடுவுல மவுஸ் வச்சிருக்கறவன் என்ன பண்றது?

நிழல்வரி, என்னைக் கேட்டா கட்டம் பெருசா இருக்கறதோ கலரோ பிரச்சனையே இல்ல, அதெல்லாம் ஒரு வாரத்துல கண்ணுக்குப் பழகிரும். பழகாதது எதுன்னா, ஸ்க்ரீன்ல எதுவுமே தெரியாம ஒளிச்சு வச்சிருக்கறது. வீட்டுக்குக் கதவு வைக்காம, சுவத்துல எங்கயோ தட்டினா திறக்கும், எங்கன்னு நீயே கண்டுபிடின்னு சொன்னா எப்படி இருக்கும். மூலைக்குப் போனா சார்ம்ஸ் வரும்னு ஸ்க்ரீன் பாத்து யாருக்குத் தெரியும்? முதல் தடவை லாகின் ஆகும்போது மவுஸை மூலைக்குக் கொண்டு போன்னு ஒரு அனிமேஷன் ஓடுது, அத்தோட சரி.

இதுல வேடிக்கை என்னன்னா மூலைங்கறது உண்மையில மவுஸுக்குத்தான் ஏத்த இடம். ஃபிட்ஸ் 1954-ல சொன்ன விதி ஒண்ணு இருக்கு, குறி எவ்வளவு பெருசோ எவ்வளவு கிட்டவோ அவ்வளவு வேகமா அங்க போய்ச் சேரலாம்னு. மூலைக்கு மவுஸைக் கண்ணை மூடித் தள்ளினாலும் அங்கதான் நிக்கும், ஸ்க்ரீனைத் தாண்டிப் போகாது, அதனால மூலை ரொம்பப் பெரிய குறி. பழைய ஸ்டார்ட் பட்டன் அங்க இருந்ததும் அதனாலதான் அவ்வளவு சுலபமா இருந்துச்சு. விரலுக்கு மூலை கஷ்டம், விரலுக்கு ஓரம்தான் சுலபம், ஃப்ரேம்ல இருந்து உள்ள இழுத்தா போதும். அப்ப என்ன பண்ணிருக்காங்க, விரலால ஓரத்துல இழுக்கறதுக்கு சமமா மவுஸுக்கு எதையாவது குடுக்கணுமேன்னு மூலையைக் குடுத்துட்டாங்க, ஆனா மூலையில கிளிக் பண்ண கண்ணுக்குத் தெரியற பொருளை எடுத்துட்டாங்க. வலது மேல் மூலைக்குப் போகணும், அப்புறம் அப்படியே நேர்கீழ இறங்கணும், கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சா சார்ம்ஸ் மறைஞ்சிரும்.

உங்களுக்கு ரெண்டு மானிட்டர் வேற. நடுவுல இருக்கற மூலைல மவுஸ் நிக்காது, அடுத்த மானிட்டருக்கு ஓடிரும். அதுக்காக மூலையில மட்டும் சின்னதா ஒரு தடுப்பு வச்சிருக்காங்க, இருந்தாலும் ஒற்றை மானிட்டர்ல இருக்கற மாதிரி வீசி அடிக்க முடியாது. விர்ச்சுவல் மெஷினை ஜன்னலுக்குள்ள ஓட விட்டு மூலையைப் பிடிச்சுப் பாருங்க, பொறுமை எவ்வளவுன்னு தெரிஞ்சிரும்.

இன்னொண்ணு, அளவு. விரலுக்குக் குறைஞ்சது 7 மில்லிமீட்டர், தப்பா தொட்டா சிக்கல் ஆகற இடத்துல 9 மில்லிமீட்டர்னு மைக்ரோசாஃப்ட்டோட டச் கைடுலயே போட்டிருக்கு. டச்சுக்கு அது சரியான கணக்கு. ஆனா மவுஸ் முனைக்கு அவ்வளவு தேவையில்ல, அந்த இடத்துல இன்னும் நாலு விஷயத்தைக் காட்டிருக்கலாம். 24 இன்ச் மானிட்டர்ல வெதர் ஆப் ஃபுல் ஸ்க்ரீன்ல நிக்கறதைப் பாத்தா சிரிப்பு வருது.


பெங்குவின்தாசன்

விண்டோஸ்காரங்க எல்லாம் இப்பத்தான் அழ ஆரம்பிச்சிருக்கீங்க, லினக்ஸ்ல இருக்கற எங்களுக்கு போன வருஷமே காரியம் முடிஞ்சுது :) 2011 ஏப்ரல்ல ஒரே மாசத்துல க்னோம் 3-ங்கற டெஸ்க்டாப்பும் வந்துச்சு, உபுண்டு 11.04-ல யூனிட்டிங்கற டெஸ்க்டாப் டீஃபால்ட்டாவும் வந்துச்சு. க்னோம் 3-ல மினிமைஸ் பட்டனையே எடுத்துட்டாங்க, ஷட் டவுன் பாக்க ஆல்ட் கீயை அழுத்திப் பிடிக்கணும். அங்கயும் இதே சண்டை, இதே வசனம், "பழகிடும்", "நீ பழைய ஆளு".

2010-ல ஐபேட் வந்ததுல இருந்து எல்லாருக்கும் ஒரே பயம், அவ்வளவுதான். ஆப்பிள் மட்டும் ஐஓஎஸ்ஸைத் தனியா வச்சு மேக்கைத் தனியா வச்சுது, மேக் ஓஎஸ் லயன்ல லாஞ்ச்பேட்னு ஒரு ஆப் கட்டத்தை ஒட்டுனதோட நிறுத்திக்கிச்சு. செங்குத்தா நிக்கற ஸ்க்ரீனைத் தொட்டுக்கிட்டே இருந்தா கை அசந்து போயிரும்னு ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-லயே மேடையில சொன்னாரு.

ஆனா எங்களுக்கு ஒரு வசதி. பிடிக்கலன்னா பழைய க்னோம் 2-வை மாத்தே (MATE)ங்கற பேர்ல எடுத்துத் தொடர ஆள் இருந்தாங்க, லினக்ஸ் மின்ட்காரங்க சின்னமன்னு ஒரு டெஸ்க்டாப் செஞ்சாங்க. உங்களுக்கு அந்த வழி கிடையாது. இங்க வந்துருங்க, இடம் இருக்கு.


நிழல்வரி

@பெங்குவின்தாசன் வர்றேன் வர்றேன், வேலைக்கு வேணும்ங்கற ரெண்டு சாஃப்ட்வேர் அங்க ஓடினா அடுத்த நிமிஷம் வர்றேன்.

@கட்டளைக்கோடு விண்டோஸ் கீ அழுத்தி டைப் பண்றேன் தல, ஆனா "அப்டேட்"னு டைப் பண்ணா ஒண்ணுமே இல்லன்னு காட்டுது, அப்புறம் வலது பக்கம் ஆப்ஸ், செட்டிங்ஸ், ஃபைல்ஸ்னு மூணு இருக்கு, அதுல செட்டிங்ஸை கிளிக் பண்ணாத்தான் வருது. 7-ல எல்லாம் ஒரே லிஸ்ட்டா வந்துச்சே.

பழைய ஸ்டார்ட் மெனுவைத் திருப்பிக் கொண்டு வர்ற கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்8 ரெண்டும் பேரு அடிபடுது, யாராவது போட்டுப் பாத்தீங்களா?


விரல்நுனி

எல்லாரும் டச் இல்லாதவங்களாவே பேசறீங்க, இந்தப் பக்கம் இருந்து நான் சொல்றேன். கீபோர்டைக் கழட்டினா டேப்லெட்டா மாறுற மெஷின் ஒண்ணு வச்சிருக்கேன். சோஃபால உக்காந்து கையில வச்சிக்கிட்டா இது அவ்வளவு அழகு. இடது ஓரத்துல இருந்து விரலை இழுத்தா அடுத்த ஆப், ரெண்டு ஆப்பைப் பக்கத்துல பக்கத்துல ஒட்ட வைக்கலாம், ஐபேட்ல அது முடியாது. லைவ் டைல்ல, அதாவது தானா மாறிக்கிட்டே இருக்கற கட்டத்துல, மெயில் தலைப்பு ஓடறது, ஆப்பைத் திறக்காமலே விஷயம் தெரிஞ்சிருது.

ஆனா எப்ப கடுப்பாகுதுன்னா செட்டிங்ஸ் மாத்தும்போது. பிசி செட்டிங்ஸ்னு டச்சுக்கு ஒண்ணு இருக்கு, அதுல பாதிதான். மீதி பழைய கன்ட்ரோல் பேனல்ல. விரலால அந்தத் துக்குளியூண்டு ரேடியோ பட்டனைத் தொட்டுப் பாருங்க. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே ரெண்டு, டச்சுக்கு ஒண்ணு டெஸ்க்டாப்புக்கு ஒண்ணு, இதுல திறந்த டேப் அதுல தெரியாது. விண்டோஸ் ஆர்டி (மொபைல்ல இருக்கற மாதிரி ஏஆர்எம் சிப்ல ஓடற விண்டோஸ்) மெஷின்ல இன்னும் கொடுமை, டெஸ்க்டாப் இருக்கும், ஆனா கூட வர்ற ஆஃபீஸைத் தவிர பழைய புரோகிராம் ஒண்ணும் அதுல ஏறாது. அப்ப அந்த டெஸ்க்டாப் எதுக்கு?

அதனால நிழல்வரி, உங்களை ஏமாத்தி எங்களுக்குக் குடுத்துட்டாங்கன்னு நினைக்காதீங்க. ரெண்டு பேருக்கும் பாதி பாதிதான்.


சும்மாபடிக்கிறவன்

பல நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இதுக்கு எழுதியே ஆகணும்னு தோணுச்சு. எல்லாரும் டிசைன் தெரியாம பண்ணிட்டாங்கன்ற மாதிரியே பேசறீங்க. போன வருஷம் செப்டம்பர்ல வந்த டெவலப்பர் ப்ரிவ்யூல ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கற இடம்) ஆர்பிஎனேபிள்டுன்னு ஒரு வேல்யூவை பூஜ்யமாக்கினா பழைய ஸ்டார்ட் மெனு அப்படியே வந்துச்சு. அடுத்த ப்ரிவ்யூல அந்த வழியை அடைச்சிட்டாங்க. அப்ப முடியாம இல்ல, வேணாம்னு முடிவு.

ஏன்னா ஸ்டோர், அதாவது புது ஆப்புக்கான மைக்ரோசாஃப்ட்டோட கடை. புது ஆப் எழுதறவன் எதுக்கு எழுதுவான், எல்லார் ஸ்க்ரீன்லயும் அந்த ஆப் கண்ல படும்னா எழுதுவான். பழைய மெனுவுக்கு ஒரு டிக் பாக்ஸ் வச்சா டெஸ்க்டாப் ஆளுங்க எல்லாரும் அன்னைக்கே டிக் அடிச்சிருவாங்க, கட்டத்தை ஒருத்தனும் பாக்க மாட்டான், ஆப்பும் வராது, ஆப் இல்லாத டேப்லெட்டை எவன் வாங்குவான். டெஸ்க்டாப்ல இருக்கற கோடிக்கணக்கான பேரைக் காட்டி டேப்லெட்டுக்கு ஆப் சேக்கறாங்க. என் கணிப்புதான் இது, ஆனா வேற எந்தக் காரணம் சொன்னாலும் அந்த ரெஜிஸ்ட்ரி விஷயத்துக்கு பொருந்தி வரல.

இதுக்கெல்லாம் தலையா இருந்த சினோஃப்ஸ்கி இந்த மாசமே கம்பெனியை விட்டுப் போயிட்டாரு, பாத்தீங்கல்ல.

கிளாசிக் ஷெல் போடுங்க, ஃப்ரீ, லாகின் ஆனதும் நேரா டெஸ்க்டாப்புக்கே போயிரும், மூலைகளையும் அணைச்சு வைக்கலாம். ஸ்டார்ட்8 காசு, பாக்க அழகா இருக்கும்.


கட்டளைக்கோடு

சும்மாபடிக்கிறவன் சொன்ன காரணம் எனக்கு சரியாத்தான் படுது, அதுக்காக திட்டத் தோணல. விண்டோஸ்ல புது ஆப் மாடல் வரணும்னா யாராவது எங்கயாவது தள்ளித்தான் ஆகணும். ஆனா அந்த சர்ச் மூணா பிரிஞ்சது முட்டாள்தனம், அதுல நிழல்வரி பக்கம்தான் நானும். விண்டோஸ் கீயோட டபிள்யூ அழுத்துங்க, நேரா செட்டிங்ஸ் சர்ச்சுக்குப் போகும்.


அரைப்புள்ளி

இன்னொரு ஷார்ட்கட்டா அண்ணே :)


நிழல்வரி
2013 அக்டோபர்

பழைய இழையைத் தூசி தட்டறேன், மன்னிக்கணும். அன்னைக்கு இங்க படிச்சிட்டு 7-லயே இருந்துட்டேன், 2020 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டுங்கறதால அவசரமும் இல்ல. இந்த வாரம் 8.1 வந்ததும் இன்னொரு டிஸ்க்ல போட்டுப் பாத்தேன்.

ஸ்டார்ட் பட்டன் வந்துருச்சுன்னு எல்லாரும் கொண்டாடறாங்க, அழுத்தினா வர்றது அதே கட்டங்கள்தான். ஆனா அதுல ரைட் கிளிக்ல ஷட் டவுன் வச்சிருக்காங்க, அது நிஜமான உதவி. நேரா டெஸ்க்டாப்புக்கு பூட் ஆகற ஆப்ஷன் இருக்கு, மேல் மூலைகள் ரெண்டையும் அணைச்சிக்கலாம், சர்ச் மறுபடி ஒரே லிஸ்ட். எனக்கு ஆச்சரியமா இருந்தது வேற ஒண்ணு, டெஸ்க்டாப் வால்பேப்பரையே கட்டங்களுக்குப் பின்னாடியும் வச்சுக்கலாம்னு ஒரு டிக். அது போட்டதும் வேற ஏதோ கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டு வர்ற உணர்வு பாதி குறைஞ்சுது. மெனுவே வேணும்னு இவ்வளவு பேர் கேட்டதுல பெரும்பங்கு இப்படி ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறித் தாவறதுதான் காரணமா இருந்திருக்கும்போல.

மைக்ரோசாஃப்ட்டோட டேப்லெட் சர்ஃபேஸ் ஆர்டிக்காக ஜூலைல 90 கோடி டாலர் நஷ்டம்னு கணக்குல எழுதினாங்களே, அதுக்கப்புறம்தான் டெஸ்க்டாப் ஆளுங்க ஞாபகம் வந்துச்சோ என்னவோ.


சும்மாபடிக்கிறவன்

இல்ல பாஸ், 8.1 வேலை ஜூலைக்கு முன்னாடியே வெளிய தெரிஞ்சுது, ஜூன் கடைசில ப்ரிவ்யூவே விட்டாங்க. ஆனா திசை அதேதான்.

டாஸ்க்பார் ப்ராப்பர்ட்டீஸோட நேவிகேஷன் டேபுல இன்னொரு ஆப்ஷன் இருக்கும் பாருங்க, ஸ்டார்ட்டுக்குப் போனா கட்டத்துக்குப் பதிலா ஆப் லிஸ்ட்டையே காட்டு, அதுல டெஸ்க்டாப் ஆப்பை முதல்ல காட்டுன்னு. ரெண்டையும் டிக் பண்ணி, வால்பேப்பர் டிக்கையும் வச்சுட்டா ஸ்க்ரீன் பூரா விரிஞ்ச பழைய மெனு மாதிரியே ஆயிரும். கிளாசிக் ஷெல் வேணுமான்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.


விரல்நுனி

8.1-ல பிசி செட்டிங்ஸ்ல நிறைய சேத்துட்டாங்க, கன்ட்ரோல் பேனல் பக்கம் போற வேலை எனக்குக் குறைஞ்சிருக்கு. ஃபுல்லா போகல. பவர் ப்ளான் மாத்தணும்னா இன்னும் அங்கதான், இன்னும் அதே துக்குளியூண்டு பட்டன்தான்.